காற்றுக்கு நூற்றில் மூன்று பங்கு, நீரோட்டத்துக்கு முழுப் பங்கு

2017 ஜனவரி 28 விடியற்காலையில், எண்ணூர் காமராஜர் துறைமுகத்துக்கு வெளியே இரண்டு கப்பல்கள் மோதிக்கொண்டன. ஒன்று, எரிவாயுவை இறக்கிவிட்டு வெளியே போய்க்கொண்டிருந்த பி.டபிள்யூ. மேப்பிள். இன்னொன்று, எரிபொருள் ஏற்றிக்கொண்டு உள்ளே வந்துகொண்டிருந்த டான் காஞ்சிபுரம். கசிவு எதுவும் இல்லை என்றுதான் முதல் நாள் சொன்னார்கள். ஆனால் எர்ணாவூர்க் கரையில் தார் மாதிரி கெட்டியான எண்ணெய் வந்து ஒதுங்கத் தொடங்கியது. அப்புறம் மெரினா, பெசன்ட் நகர், பாலவாக்கம், நீலாங்கரை என்று ஒவ்வொரு நாளும் புதிதாக ஓர் ஊரின் பெயர் செய்தியில் சேர்ந்துகொண்டே போனது.

அந்தப் பட்டியலை வடக்கிலிருந்து தெற்காகப் படித்தால் ஒரு விஷயம் புரியும். எண்ணெய் மனம்போன போக்கில் பரவவில்லை. ஒரு திசையில், ஓரளவு கணக்கிடக்கூடிய வேகத்தில் பயணம் செய்தது. முதல் நாளே உண்மையைச் சொல்லியிருந்தால், நீலாங்கரைக்காரர்களுக்குத் தயாராகச் சில நாட்கள் கிடைத்திருக்கும். அந்த நாட்கள் வீணாய்ப்போனது என்னை இன்னும் உறுத்துகிறது. கடலில் கொட்டிய எண்ணெய் எப்படி நகர்கிறது என்று தேடிப் படிக்க ஆரம்பித்ததும் அதனால்தான்.

அடிப்படைக் கணக்கு எளிது. மேற்பரப்பில் நீரோட்டம் எந்தத் திசையில், எந்த வேகத்தில் போகிறதோ, எண்ணெய் அதை அப்படியே முழுசாக எடுத்துக்கொள்ளும். அதற்கு மேல், காற்றின் வேகத்தில் ஏறத்தாழ 3 விழுக்காட்டைச் சேர்த்துக்கொள்ளும். ஓடும் ரயிலுக்குள் ஒருவர் நடப்பது போலத்தான் இது. ரயில் நீரோட்டம், நடை காற்று. எண்ணெய் எங்கே போய்ச் சேரும் என்பது இரண்டின் கூட்டு.

எண்களைப் போட்டுப் பார்க்கலாம். மணிக்கு 20 கிலோமீட்டர் வேகத்தில் காற்று அடித்தால், அதில் 3 விழுக்காடு 600 மீட்டர். ஒரு முழு நாள் விடாமல் அடித்தால் எண்ணெய் 14 கிலோமீட்டருக்குக் கொஞ்சம் மேலே நகர்ந்திருக்கும். நீரோட்டம் நொடிக்கு 30 சென்டிமீட்டர் என்று வைத்துக்கொண்டால், அதே ஒரு நாளில் 26 கிலோமீட்டர். காமராஜர் துறைமுகத்திலிருந்து மெரினாவுக்கு நேர்க்கோட்டில் 25 கிலோமீட்டர் அளவில்தான் இருக்கும். இரண்டும் ஒரே பக்கம் தள்ளினால் எண்ணெய் ஒரே நாளில் ஒரு நகரத்தின் நீளத்தைக் கடந்துவிடும். எதிரெதிராக இருந்தால் வேகம் வெகுவாகக் குறைந்துவிடும்.

அந்த 3 விழுக்காட்டுக்கு இரண்டு காரணங்கள் உண்டு. காற்று உரசும்போது கடலின் மேல்தோல் நகர்கிறது. எண்ணெய் இருப்பதும் அந்த மேல்தோலில்தான். இது ஒன்று. மற்றொன்று அலை. அலை கடந்து போகும்போது தண்ணீர்த்துளி வட்டமடித்துப் பழைய இடத்துக்கே திரும்பிவிடுகிறது என்று பள்ளியில் படித்தோம். உண்மையில் அந்த வட்டம் முழுசாக மூடுவதில்லை. ஒவ்வோர் அலையிலும் துளி கொஞ்சம் முன்னே நகர்ந்துவிடுகிறது. அந்தச் சின்ன நகர்வுகள் மணிக்கணக்கில் சேரும்போது அது ஓர் ஓட்டமாகவே ஆகிவிடுகிறது.

1967 மார்ச் 18 அன்று இங்கிலாந்தின் கார்ன்வால் முனைக்கு அப்பால் டோரி கேன்யன் என்ற டேங்கர் பாறையில் ஏறியது. ஒரு லட்சம் டன்னுக்கும் மேல் கச்சா எண்ணெய் அதில் இருந்தது. ஒரு கப்பலிலிருந்து அவ்வளவு பெரிய கசிவை உலகம் அதற்கு முன் பார்த்ததில்லை. எண்ணெய் கார்ன்வாலுக்கும் போனது, ஆங்கிலக் கால்வாயைக் கடந்து குயர்ன்சி தீவுக்கும் பிரான்சின் பிரிட்டனி கரைக்கும் போனது. அதன் தடத்தைப் பின்னால் ஆராய்ந்தவர்களுக்குக் கிடைத்ததும் காற்றின் வேகத்தில் 3 விழுக்காட்டுக்குச் சற்று மேலான ஓர் எண்தான். இன்று அமெரிக்கக் கடல், வளிமண்டல நிர்வாகமான நோவாவின் நோம் என்ற கணிப்பு நிரல் ஆயிரக்கணக்கான எண்ணெய்த் துகள்களைத் திரையில் மிதக்கவிட்டு, ஒவ்வொன்றுக்கும் காற்றின் 1 முதல் 4 விழுக்காட்டுக்குள் ஏதோ ஒரு பங்கைக் கொடுத்து ஓட்டிப் பார்க்கிறது. விடை ஒற்றைப் புள்ளியாக வராது. அநேகமாக இங்கே, ஒருவேளை அங்கேயும், என்று ஒரு பரப்பாக வரும். கடலைப் பொறுத்தவரை அதுதான் நேர்மையான பதில்.

காற்று தள்ளும் திசையிலேயே நீர் போகும் என்று எடுத்துக்கொள்வதும் சரியல்ல. 1893 முதல் 1896 வரை நார்வேயின் துருவப் பயணி நான்சென் தன் ஃபிராம் கப்பலை ஆர்க்டிக் பனியில் உறையவிட்டு, பனியோடு சேர்ந்தே மிதந்து போனார். பனிப்பாளங்கள் காற்றின் திசைக்கு 20 முதல் 40 டிகிரி வலப்பக்கமாக விலகிப் போவதை அவர் கவனித்தார். பூமியின் சுழற்சிதான் காரணம் என்பதைக் கணிதமாக எழுதிக் காட்டியவர் ஸ்வீடனைச் சேர்ந்த எக்மான். ஆழம் கூடக்கூட இந்த விலகலும் கூடும். எண்ணெய்ப் படலம் மேல்பரப்பிலேயே ஒட்டிக்கொண்டிருப்பதால் அதன் விலகல் குறைவு. ஆனால் பல நாள் பயணத்தில் சில டிகிரி வித்தியாசமே ஊரை மாற்றிவிடும்.

இனி எண்ணூருக்கு வருகிறேன். நம் கிழக்குக் கரையை ஒட்டி ஓடும் நீரோட்டம் உலகின் பல பெரிய கரையோர நீரோட்டங்கள் மாதிரி வருஷம் முழுக்க ஒரே பக்கம் போவதல்ல. வடகிழக்குப் பருவமழைக் காலத்தில், குறிப்பாக நவம்பர், டிசம்பரில், அது வடக்கிலிருந்து தெற்கே வேகமாக ஓடும். கங்கையும் மகாநதியும் கோதாவரியும் கொட்டிய உப்புக் குறைந்த தண்ணீரைச் சுமந்துகொண்டு இலங்கையைச் சுற்றி அரபிக்கடல் பக்கம் வரை போகும். பிப்ரவரி, மார்ச் வாக்கில் திசை திரும்பி வடக்கே ஓடத் தொடங்கிவிடும். இந்தத் திருப்பம் நம் கரையில் அடிக்கும் காற்றால் மட்டும் வருவதில்லை. எங்கோ பூமத்தியரேகைப் பக்கம் காற்று கிளப்பிவிடும் நீண்ட அலைகள் வங்கக்கடலின் விளிம்பை அந்தமான், பர்மா, வங்காளம் என்று சுற்றி வந்து நம் கரையிலும் நீரோட்டத்தை மாற்றுகின்றன. ராயபுரத்தில் நிற்கும் ஒருவரின் காலடித் தண்ணீரை நகர்த்துவதில் சுமத்ரா பக்கத்துக் காற்றுக்கும் பங்கு உண்டு. இதைப் படித்தபோது எனக்கு உண்டான வியப்பு இன்னும் அடங்கவில்லை.

ஜனவரி 28 என்பது இந்தத் திருப்பத்துக்குச் சற்று முந்தைய நேரம். வாடைக்காற்று இன்னும் ஓயவில்லை. கிழக்கிலிருந்து வரும் கொண்டலும் கலந்து அடிக்கும் நாட்கள் அவை. வடகிழக்கிலிருந்து வரும் காற்று எண்ணெயைத் தெற்கேயும் தள்ளும், கரையை நோக்கியும் தள்ளும். இரண்டும் நடந்தன. அதே மோதல் ஒன்றிரண்டு மாதம் கழித்து, நீரோட்டம் வடக்கே திரும்பி, தென்காற்றும் வலுத்த பிறகு நடந்திருந்தால், பெரும்பகுதி எண்ணெய் பழவேற்காடு பக்கம் போயிருக்கக்கூடும். அங்கே ஏரி முகத்துவாரம் இருக்கிறது. இறாலும் நண்டும் வளரும் அந்த உப்பங்கழிக்குள் இந்தக் கெட்டியான கப்பல் எண்ணெய் புகுந்திருந்தால் வாளியால் அள்ளி முடித்திருக்க முடியாது.

வாளிகளை நான் நேரில் பார்த்தேன். பிப்ரவரி முதல் வாரத்தில் எர்ணாவூர் போயிருந்தேன். கரையோரம் கொட்டியிருந்த கருங்கற்களுக்கு நடுவே இளைஞர்கள் வரிசையாக நின்று, பிளாஸ்டிக் வாளியில் அள்ளி அள்ளிக் கைமாற்றிக்கொண்டிருந்தார்கள். கடலோரக் காவல்படையினர், கல்லூரி மாணவர்கள், மீனவ இளைஞர்கள் எல்லோரும் இருந்தார்கள். கழிவுநீர் உறிஞ்சும் லாரிகள் வந்திருந்தன. எண்ணெய் குளிர்ந்து கெட்டியாகி, மணலும் குப்பையும் சேர்ந்து குழாயை அடைத்துக்கொண்டால் இயந்திரம் நின்றுவிடும், கைதான் வேலை செய்யும். பலர் கையில் உறையே இல்லை. அந்த நெடி வீட்டுக்கு வந்த பிறகும் போகவில்லை.

படகோரம் உட்கார்ந்திருந்த ஒரு பெரியவரிடம் பேச்சுக் கொடுத்தேன். "இந்தக் காத்துக்கும் இந்தத் தண்ணிக்கும் இது தெக்கதான் போவும் தம்பி. நேத்தே சொன்னோம், யாரு கேட்டா?" என்றார். இது ஏதோ மாயமான பழைய ஞானம் என்று நான் சொல்லவில்லை. தினமும் வலை விரித்து, அது எந்தப் பக்கம் இழுபடுகிறது என்று பார்ப்பவருக்கு நீரோட்டம் தெரியாமல் இருந்தால்தான் ஆச்சரியம். எண்ணெயின் போக்கைக் கணிக்கத் தேவையான முதல் தகவல் அந்தக் குப்பத்தில் ஏற்கெனவே இருந்தது.

எர்ணாவூரில் மட்டும் எண்ணெய் ஏன் அவ்வளவு தேங்கியது? இந்தக் கேள்வி என்னைச் சென்னைத் துறைமுகத்தின் கதைக்குக் கொண்டுபோனது. நம் கரையில் வருஷக் கணக்கில் பார்த்தால் மணல் மொத்தத்தில் தெற்கிலிருந்து வடக்கே நகர்கிறது. 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் துறைமுகத்துக்கு அலைத்தடுப்புச் சுவர் கட்டியபோது, அந்த மணல் தெற்கே மாட்டிக்கொண்டு மெரினாவை அகலமாக்கியது. வடக்கே ராயபுரம் தொடங்கி மணல் வராமல் கரை அரித்துக்கொண்டே போனது. தெருக்களைக் கடல் எடுத்துக்கொண்டது. அதைத் தடுக்கத்தான் வடசென்னையில் கற்களைக் கொட்டினார்கள், கடலுக்குள் நீளும் கல்சுவர்களைக் கட்டினார்கள். கரையோரமாகத் தெற்கே வந்த எண்ணெய் அந்தச் சுவர்களின் மூலைகளில் சுழன்று, கற்களின் இடுக்கில் போய் உட்கார்ந்துகொண்டது. அகலமான மணல்வெளியில் படியும் எண்ணெயை மண்ணோடு சுரண்டிவிடலாம். கல் இடுக்கில் போனதை எடுப்பது மிகக் கடினம். ஒரு துறைமுகத்தால் மணலை இழந்த அதே மக்கள்தான், இன்னொரு துறைமுக வாசலில் கொட்டிய எண்ணெயையும் வாங்கிக்கொண்டார்கள். இதைத் தற்செயல் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

எவ்வளவு எண்ணெய் என்ற கேள்வியிலும் குழப்பம் இருந்தது. முதலில் இல்லை என்றார்கள், பிறகு கொஞ்சம் என்றார்கள், கடைசியில் அதிகாரபூர்வக் கணக்கே 190 டன்னைத் தாண்டியது. இதற்கிடையே அள்ளியெடுத்த கசடின் அளவு வேறு ஒரு பெரிய எண்ணாக வந்துகொண்டிருந்தது. அலை அடிக்க அடிக்க எண்ணெய் தண்ணீரைத் தனக்குள் இழுத்துக்கொண்டு பழுப்புக் கூழாக மாறும். அந்தக் கூழில் முக்கால் பங்குவரை தண்ணீராகவே இருக்கலாம். அதாவது கொட்டியது ஒரு பங்கு என்றால் மிதப்பது நான்கு பங்காக ஊதிவிடும். இப்படி ஆன எண்ணெய் நீரில் கொஞ்சம் அமிழ்ந்து மிதக்கும், காற்று அதை முன்பளவு பிடித்துத் தள்ளாது. எனவே எண்ணெய் பழசாக ஆக ஆக, நகர்வுக் கணக்கையும் மாற்ற வேண்டும். பெட்ரோல், டீசல் மாதிரி இலகுவானவை சீக்கிரம் ஆவியாகி அலையில் கலைந்துவிடும். கப்பல் இன்ஜினுக்கான கனமான எண்ணெய்தான் நாட்கணக்கில் உயிரோடு இருந்து ஊர் ஊராகப் போகிறது.

அது ஒரே விரிப்பாகவும் போவதில்லை. காற்று நிலையாக அடிக்கும்போது கடலின் மேற்பரப்பில், காற்றின் திசைக்கு இணையாக, நீளநீளமான நீர்ச்சுருள்கள் உருவாகும். இரண்டு சுருள்கள் சேரும் இடத்தில் மிதப்பதெல்லாம் ஒரு கோடாக ஒதுங்கும். 1927இல் அட்லான்டிக்கைக் கடக்கும்போது கடற்பாசி இப்படி வரிவரியாக நிற்பதைப் பார்த்துத்தான் வேதியியல் அறிஞர் லாங்மியூர் இதை ஆராய்ந்தார். அலையும் ஆறும் கலக்கும் முகத்துவாரங்களிலும் நீர் இப்படி ஒதுங்கும். எண்ணெயின் பெரும்பகுதி இந்தக் கோடுகளில்தான் தடிமனாக நிற்கும். மற்ற இடமெல்லாம் வானவில் நிறத்தில் பளபளக்கும் மெல்லிய படலம். படம் பிடிக்க அதுதான் அழகாக இருக்கும், ஆனால் அதன் தடிமன் ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் சில பங்குதான். படகுகளை அனுப்ப வேண்டியது அந்தக் கறுத்த கோடுகளுக்கு. இன்னொரு துயரமும் உண்டு. மீன்குஞ்சுகளும், ஆமைக்குஞ்சுகள் ஒளிந்துகொள்ளும் மிதக்கும் பாசியும் சேர்வது அதே கோடுகளில்தான். எண்ணூர்க் கசிவு நடந்தது, பங்குனி ஆமைகள் முட்டையிட நம் கரைக்கு வரும் பருவத்தில்.

கணக்கு தெரிந்தாலும் கடல் ஏமாற்றும் என்பதற்கு மெக்சிகோ வளைகுடா ஓர் உதாரணம். 2010 ஏப்ரல் 20 அன்று டீப்வாட்டர் ஹொரைசன் துரப்பண மேடை வெடித்து 11 பேர் இறந்தார்கள். கிணற்றை அடைக்க 87 நாட்கள் ஆயின. அந்த வளைகுடாவுக்குள் கரீபியன் பக்கமிருந்து ஒரு வலுவான நீரோட்டம் நுழைந்து, வளைந்து, புளோரிடா வழியே அட்லான்டிக்குக்கு வெளியேறுகிறது. எண்ணெய் அதில் ஏறிவிட்டால் அமெரிக்காவின் கிழக்குக் கரைவரை போய்விடும் என்று மே மாதம் முழுக்கப் பயந்தார்கள். கொஞ்சம் எண்ணெய் அதன் விளிம்பைத் தொடவும் செய்தது. ஆனால் மே இறுதியில் அந்த வளைவு கழன்று, தனிச் சுழலாகப் பிரிந்துகொண்டது. புளோரிடாவுக்குப் போகும் பாதை பெருமளவு அடைபட்டது. அதே நேரம் கடலடியில் 1,100 மீட்டர் ஆழத்தில், நுண்துளிகளும் வாயுவும் கலந்த ஒரு மேகம் மேற்பரப்பு எண்ணெயோடு சம்பந்தமே இல்லாமல் தென்மேற்கே போய்க்கொண்டிருந்தது. அங்கே காற்றுக்கு எந்த வேலையும் இல்லை. லூசியானாவில் எண்ணெய் சதுப்புக்குள் வராமல் தள்ள மிசிசிப்பி ஆற்று நன்னீரைத் திறந்துவிட்டார்கள். உப்புக் குறைந்ததால் சிப்பிகள் ஏராளமாகச் செத்தன. நல்ல எண்ணத்தில் செய்ததுதான், ஆனால் அந்தச் சிப்பியை நம்பிப் பிழைத்தவர்களுக்கு அது இரண்டாவது அடி.

காற்றின் பங்கு பொருளுக்குப் பொருள் மாறும் என்பதைக் கேரளத்தில் 2025 மே மாதம் எல்லோரும் பார்த்தார்கள். எம்.எஸ்.சி. எல்சா 3 என்ற சரக்குக் கப்பல் கொச்சிக்கு அப்பால் கவிழ்ந்து, மே 25 அன்று மூழ்கியது. பாதி வெளியே தெரிய மிதந்த கன்டெய்னர்களைக் காற்று வேகமாகப் பிடித்துத் தள்ள, அவை ஆலப்புழை, கொல்லம் கரைகளில் ஏறின. கன்டெய்னர்களிலிருந்து சிந்திய சின்னச் சின்ன பிளாஸ்டிக் மணிகள் நீரோடு நீராகப் போயின. தென்மேற்குப் பருவத்தில் மேற்குக் கரை நீரோட்டம் தெற்கே ஓடும். மணிகள் திருவனந்தபுரம் தாண்டிக் கன்னியாகுமரிக் கரையிலும் வந்து விழுந்தன. ஒரே கப்பல், ஒரே நாள், ஆனால் ஒவ்வொன்றும் தனித்தனி வழியில்.

எண்ணூருக்கு 2023 டிசம்பரில் இரண்டாவது முறை எண்ணெய் வந்தது, இம்முறை கடலிலிருந்து அல்ல. மிக்ஜாம் புயல் மழையில் மணலி தொழிற்பகுதியிலிருந்து எண்ணெய் வெள்ளத்தோடு கலந்து, பக்கிங்காம் கால்வாய் வழியே கொசஸ்தலையாற்று முகத்துவாரத்துக்கு வந்தது. வீடுகளுக்குள்ளும் புகுந்தது. இங்கே தள்ளியது ஆற்று வெள்ளம். வெள்ளம் வடிந்ததும் ஏற்றவற்றம் பொறுப்பை எடுத்துக்கொண்டது. நம் கரையில் ஏற்றவற்ற வித்தியாசம் ஒரு மீட்டர் அளவுக்குத்தான் இருக்கும். அது போதும். ஏற்றத்தில் எண்ணெய் கழிக்குள் ஏறி அலையாத்தி வேர்களில் ஒரு கறுப்புக் கோடு போட்டது, வற்றத்தில் சேற்றில் படிந்தது, மறு ஏற்றத்தில் மீண்டும் கிளம்பியது. கூழைக்கடாக்கள் இறக்கையெல்லாம் எண்ணெயோடு நின்ற படங்களைப் பலரும் பார்த்திருப்பீர்கள். கடலில் என்றால் நீரோட்டம் எங்கோ கொண்டுபோய்க் கலைத்துவிடும் என்ற நம்பிக்கையாவது உண்டு. கழிக்குள் அதுவும் இல்லை, எண்ணெய் போய்ப்போய் அதே இடத்துக்கே வருகிறது.

நம்மிடம் இதற்கான அறிவியல் இல்லாமல் இல்லை. ஹைதராபாத்தில் இருக்கும் இந்தியத் தேசியக் கடல்சார் தகவல் சேவை மையம், கசிவு நடந்த இடமும் நேரமும் எண்ணெயின் வகையும் அளவும் கொடுத்தால், அது எந்தப் பக்கம் போகும் என்று கணினியில் ஓட்டிச் சொல்கிறது. 2017இலும் சொன்னது. எண்ணெய் சிறு அலைகளை அடக்கிவிடுவதால் ரேடார் செயற்கைக்கோள் படத்தில் கறுப்புத் திட்டாகத் தெரியும், அதை வைத்துக் கணிப்பைத் திருத்தவும் முடிகிறது. ஆனால் கணிப்பு நிரலுக்குள் போடும் முதல் எண்ணே கசிவு இல்லை என்று இருந்தால், எவ்வளவு பெரிய கணினியாலும் எதுவும் செய்ய முடியாது.

கணிப்பு வந்த பிறகும் அது கடலோரக் காவல்படைக்கும் துறைமுகத்துக்கும் மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்துக்கும் போகிறது. காசிமேட்டுக்கும் ஊரூர்க் குப்பத்துக்கும் நேராகப் போவதில்லை. இதே ஹைதராபாத் மையம்தான் எங்கே மீன் கிடைக்கும் என்பதையும், அலை எவ்வளவு உயரும் என்பதையும் மீனவர்களின் செல்பேசிக்குத் தமிழில் அனுப்புகிறது. அந்த ஏற்பாடு பல வருஷமாக நன்றாக நடக்கிறது. எண்ணெய்க் கணிப்பையும் அதே வழியில், கசிவு தெரிந்த அன்றே அனுப்ப வேண்டும். எந்த ஊர்க் கரைக்கு, எத்தனை மணி நேரத்தில் வரக்கூடும், எந்தப் பக்கம் விரித்த வலையை உடனே எடுக்க வேண்டும், கையுறையும் மிதவைத் தடுப்பும் எங்கே கிடைக்கும், யாரைக் கூப்பிட வேண்டும் என்ற விவரம் அதில் இருக்க வேண்டும். பதிலுக்கு, தண்ணீர் இன்று எந்தப் பக்கம் இழுக்கிறது என்று கடலில் இருப்பவர் சொல்வதையும் அந்த மையம் வாங்கிக்கொள்ள வேண்டும்.